பழைய யந்திரங்களைக் கொண்டு ஒரு சிறு பட்டறை

கோயம்புத்தூரிலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை வாளையாற்றைக் கடந்ததும், பாலக்காட்டு மாவட்டத்தைச் சேர்ந்த கஞ்சிக்கோடு என்னும் தொழிற்பிரதேசம் தொடங்குகிறது. அங்குள்ள உருக்காலைகள் பழைய எஃகை மின் உலைகளில் இட்டு உருக்கி மீண்டும் வார்க்கின்றன. எல்லைக்கு இப்பாலுள்ள கோயம்புத்தூரின் வார்ப்படச் சாலைகளோ பழைய வார்ப்பிரும்பை விரும்பி வாங்குகின்றன. ஆகவே இப்பகுதியில் பயனற்றதென்று ஒதுக்கப்படும் எந்த யந்திரமும் நெடுநாள் கிடப்பதில்லை. எடைக்கு எடை விலைபோய், சில நாட்களில் உலையை அடைந்துவிடுகிறது.

இவ்வாறு உலைக்குச் செல்லும் யந்திரங்களில் ஒரு பகுதி உண்மையிலேயே உயிரற்றவை. மற்றொரு பகுதி அப்படியல்ல. ஒரு கடைசல் யந்திரம், அதாவது பட்டறைகளில் லேத் என்று வழங்கப்படுவது, நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான உறுப்புகளைக் கடைந்து தர இயலாமற் போகலாம். ஆயினும் தன் ஓய்வு நேரத்தில் பம்பு ஒன்றின் அச்சைப் பழுது பார்க்கவோ, மாதிரி நீராவி யந்திரம் ஒன்றைச் செய்து பார்க்கவோ விரும்பும் ஒருவருக்கு அதே யந்திரம் இன்னும் பல்லாண்டுகள் உழைக்கக் கூடும். இவ்விரு வகைகளையும் வேறுபடுத்தி அறிவது எப்படி, குறைந்த செலவில் அவற்றைக் கொண்டு ஒரு சிறு பட்டறையை அமைப்பது எப்படி என்பனவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

பழைய யந்திரங்கள் கிடைக்கும் காரணம்

கோயம்புத்தூரில் முதல் பஞ்சாலை 1888-ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. 1932-ஆம் ஆண்டில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பின்னர் பஞ்சாலைகள் விரைந்து பெருகின. ஆலைகளுக்கு உதிரி உறுப்புகள் தேவைப்பட்டன. அவற்றைச் செய்யப் பட்டறைகள் எழுந்தன. பட்டறைகளுக்குப் பயிற்சி பெற்ற தொழிலாளர்கள் தேவைப்பட்டனர். 1926-ஆம் ஆண்டிலேயே தோன்றிய பி.எஸ்.ஜி. தொழிற்கழகம் இத்தேவையை நிறைவேற்றியதுடன் கடைசல் யந்திரங்களையும் உற்பத்தி செய்தது. பின்னர் நீரிறைக்கும் பம்புகளும் மின்மோட்டார்களும் இந்நகரின் முக்கிய உற்பத்திப் பொருள்களாயின.

மலைப் பகுதியின் வரலாறு வேறு. மூணாறு சுற்றுவட்டாரத்தின் தேயிலைத் தோட்டங்கள் சமவெளியிலிருந்து பிரிந்து கிடந்தன. 1902-ஆம் ஆண்டில் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளப் பாதை ஒன்று அமைக்கப்பட்டு, 1908-இல் அது சிறு ரயில் பாதையாக மாற்றப்பட்டது. தேயிலைப் பெட்டிகள் உச்சி நிலையம் வரை அதில் வந்து, அங்கிருந்து கம்பிவடம் வழியே கொட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூரை அடைந்தன. 1924-ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அந்த ரயில் பாதையை அழித்துவிட்டது. இத்தகைய இடத்தில் உடைந்த உறுப்புக்காகச் சமவெளியை எதிர்பார்த்திருக்க முடியாது. எனவே தோட்டத் தொழிற்சாலைகள் தமக்கென்று பழுது பார்க்கும் பட்டறைகளை வைத்துக்கொண்டன. இன்றும் சி.டி.சி. முறையில் தேயிலை தயாரிக்கும் தொழிற்சாலைகளில், உருளைகளின் மழுங்கிய பற்களைக் கடைந்தும் வெட்டியும் கூராக்குவது இடைவிடாத வேலையாகும்.

இவ்விரு பிரதேசங்களிலும் பல தொழிற்கூடங்கள் கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும் யந்திரங்களுக்கு மாறிவிட்டன. கையால் இயக்கப்படும் பழைய லேத்துகள் இதனால் விற்பனைக்கு வருகின்றன. கோயம்புத்தூரில் உக்கடம் பகுதியின் பழைய பொருள் கடைகளில் சிறு கருவிகளும், தனிப்பட்ட வியாபாரிகளிடம் பெரிய யந்திரங்களும் கிடைக்கின்றன. அரசாங்கத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் கழித்துவிடும் யந்திரங்கள் எம்.எஸ்.டி.சி. நிறுவனத்தின் மின்னணு ஏலங்களில் இடம் பெறுகின்றன. ஆனால் அங்கு தனித்தனியே அன்றித் தொகுதியாகவே பெரும்பாலும் விற்கப்படுவதால், நண்பர்கள் சிலர் சேர்ந்து வாங்குவதே பொருத்தமானது.

பழைய யந்திரங்களைக் கழற்றிப் பூட்டுவதன் மூலமே தொழில் கற்றவர்களுக்கு இப்பகுதியில் சிறந்த முன்னோடி ஒருவர் உண்டு. கோயம்புத்தூரைச் சேர்ந்த ஜி.டி. நாயுடு (1893–1974) இளமையில் ஓர் ஆங்கில அதிகாரியின் மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கி, அதைப் பிரித்து மீண்டும் பூட்டியே யந்திர நுட்பத்தை அறிந்துகொண்டார். 1920-ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸைக் கொண்டு போக்குவரத்தைத் தொடங்கிய அவர், பிற்காலத்தில் பல கருவிகளை உருவாக்கிப் புகழ் பெற்றார்.

செலவைப் பங்கிடுதல்

புதிதாகப் பட்டறை அமைப்போர் செய்யும் பெருந்தவறு, கையிலுள்ள பணம் முழுவதையும் லேத்துக்கே செலவிட்டுவிடுவதாகும். வெறும் லேத்தைக் கொண்டு ஒரு வேலையும் செய்ய இயலாது. மொத்தச் செலவை 100 பங்குகளாகக் கொண்டால், லேத்துக்கு 45 பங்கு. சக், கடைசல் உளிகள், துளைக் கருவிகள் முதலிய துணைச் சாதனங்களுக்கு 20 பங்கு. அளவைக் கருவிகளுக்கு 10 பங்கு. மோட்டார், ஸ்டார்ட்டர், மின்கம்பி ஆகியவற்றுக்கு 10 பங்கு. ஏற்றுக்கூலி, வண்டி வாடகை, அடித்தளம் ஆகியவற்றுக்கு 10 பங்கு. எதிர்பாராத தேவைக்கு 5 பங்கு என்று வகுத்துக்கொள்வது நலம்.

இக்கணக்கிலிருந்து ஓர் உண்மை விளங்கும். நான்கு தாடை சக், மூன்று தாடை சக், மாற்றுப் பற்சக்கரங்கள், ஸ்டெடி ரெஸ்ட் ஆகிய அனைத்தும் உடன் வரும் ஒரு லேத், அவை இல்லாத மற்றொன்றைவிடக் கணிசமாக விலை கூடியிருந்தாலும் முடிவில் மலிவானதே ஆகும். தனித்தனியே இவற்றைத் தேடி வாங்கும்போது பணமும் காலமும் இருமடங்காகிவிடுகின்றன.

வாங்கும் வரிசையும் முக்கியமானது. உறுதியான பெஞ்சு வைஸ், அரங்கள், இரும்பு அறுக்கும் ரம்பம், மட்டப் பலகை ஆகியவை முதலில் வேண்டும். அடுத்து ஒரு துளையிடும் யந்திரமும், உளிகளைத் தீட்டுவதற்குச் சாணைச் சக்கரமும் தேவை. இவற்றோடு சில மாதங்கள் பழகியபின் லேத்தைத் தேடுவோர், தமக்கு வேண்டிய அளவு எது என்பதைத் தாமே அறிவர். மில்லிங் யந்திரம் தனியே இல்லாவிடினும், லேத்தின் குறுக்குச் சறுக்கியின் மீது செங்குத்துச் சறுக்கி ஒன்றைப் பொருத்திச் சிறு வேலைகளை முடித்துக்கொள்ளலாம்.

உளிகளுக்குப் பெருஞ்செலவு தேவையில்லை. ஹைஸ்பீடு எஃகு சிவக்கும் அளவு சூடேறினாலும் தன் கடினத்தை எளிதில் இழப்பதில்லை. சாதாரணச் சாணையிலேயே அதைத் தீட்டவும் முடிகிறது. பட்டறைகளில் முனை உடைந்ததென்று ஒதுக்கப்படும் இவ்வெஃகுக் கருவிகள் சிறு உளிகளாக மறுபிறவி எடுக்கும். லாரிகளின் பழைய அச்சுத் தண்டுகளும் வில் தகடுகளும் நல்ல எஃகால் ஆனவை. கடைந்து பழக அவை ஏற்றவை. ஆயினும் அவற்றில் சில கடினப்படுத்தப்பட்டிருக்குமாதலால், முதலில் அரத்தால் உராய்ந்து பார்த்தல் வேண்டும்.

யந்திரத்தைப் பரிசோதித்தல்

நாலரை அடி, ஆறடி என்று படுகையின் நீளத்தைக் கொண்டே லேத்துகளை வியாபாரிகள் குறிப்பிடுவது வழக்கம். 1941-இல் தொடங்கப்பட்ட ஹரிஹரின் மைசூர் கிர்லோஸ்கர், 1953-இல் பெங்களூரில் தோன்றிய ஹெச்.எம்.டி. ஆகிய நிறுவனங்களின் பழைய லேத்துகளும், லூதியானா, பட்டாலா, ராஜ்கோட், கோயம்புத்தூர் பட்டறைகளில் செய்யப்பட்டவையும் சந்தையில் காணப்படுகின்றன. ஹெச்.எம்.டி.யின் களமசேரித் தொழிற்சாலை கேரளத்திலேயே அமைந்ததாகும். ஆயினும் பெயரைவிடத் தற்போதைய நிலையே முக்கியம். புதிதாகப் பூசிய வர்ணம் எதையும் நிரூபிப்பதில்லை. சில வேளைகளில் அது விரிசலை மறைக்கவும் கூடும்.

முதலில் படுகையைக் கவனித்தல் வேண்டும். சாடில் என்னும் நகரும் பகுதி தன் வாழ்நாளில் பெரும்பகுதியைச் சக்கின் அருகிலேயே கழிக்கிறது. ஆகவே அங்கே வழித்தடங்கள் மிகுதியாகத் தேய்ந்தும், மறுகோடியில் தேயாமலும் இருக்கும். சாடிலின் இறுக்கத் திருகைச் சக்கின் அருகே சரியாக இறுக்கிப் பின்னர் வலப்புறம் நகர்த்தினால், தேய்ந்த யந்திரத்தில் அது இடையிலேயே சிக்கி நின்றுவிடும். எவ்வளவு தூரத்தில் சிக்குகிறது என்பதே தேய்வின் ஒரு கணிப்பாகும்.

இத்தேய்வு வேலையின் துல்லியத்தை எவ்வாறு பாதிக்கிறது என்பதை ஒரு சிறு கணக்கால் அறியலாம். 20 மி.மீ. விட்டமுள்ள ஒரு தண்டைக் கடையும்போது, தேய்வின் காரணமாக உளியின் முனை நேர்கீழாக 0.1 மி.மீ. இறங்குகிறது என்று கொள்வோம். அப்போது ஆரம் 10 மி.மீ.யிலிருந்து 10.0005 மி.மீ.யாக மட்டுமே மாறும். அதாவது விட்டத்தில் ஏற்படும் பிழை ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சாதாரண மைக்ரோமீட்டரால் அதை உணரக்கூட முடியாது.

ஆனால் முன்புற வழித்தடம் மட்டும் 0.1 மி.மீ. தேய்ந்து, பின்புறம் தேயாமல் இருப்பின் நிலைமை வேறு. சாடில் முழுவதும் முன்புறமாகச் சாய்கிறது. இரு வழித்தடங்களுக்கும் இடையே 250 மி.மீ. தூரமும், படுகைக்கு மேல் சுழல் அச்சு 175 மி.மீ. உயரமும் இருந்தால், உளியின் முனை 0.1-ஐ 175-ஆல் பெருக்கி 250-ஆல் வகுத்துக் கிடைக்கும் 0.07 மி.மீ. அளவு தண்டை விட்டு வெளிப்புறம் விலகும். விட்டத்தில் இது 0.14 மி.மீ. ஆகிறது. முன் கூறிய பிழையைவிட இது நூற்று நாற்பது மடங்கு பெரிது. முன்புறத் தடமே வெட்டும் விசையின் பெரும்பகுதியைத் தாங்குவதால் அதுவே முதலில் தேய்கிறது. எனவே படுகையைப் பரிசோதிப்போர் முன்புறத் தடத்தைப் பின்புறத்தோடு ஒப்பிட்டு நோக்குதல் அவசியம்.

அடுத்தது சுழல் அச்சு. சக்கின் அருகே டயல் கேஜ் ஒன்றைப் பொருத்தி, மரத்தடி ஒன்றை நெம்புகோலாகக் கொண்டு அச்சை மேலும் கீழும் மெல்ல அசைத்தால் முள் நகரும். ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் இரண்டு மூன்று பங்கு அசைவு பழைய யந்திரத்துக்கு இயல்பே. அதனினும் மிகுந்தால், தாங்கிகளைச் சரிசெய்ய இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெண்கலத் தாங்கிகளைக் கொண்ட பழைய லேத்துகளில் மெல்லிய தகடுகளை எடுத்து இறுக்கிக்கொள்ள வழியுண்டு. பந்துத் தாங்கிகளாயின் மாற்றவேண்டி வரலாம். யந்திரத்தை ஓடவிட்டுச் சிறிது நேரம் கழித்துத் தாங்கிகளின் மேல் கைவைத்துப் பார்ப்பதும் பயனுள்ளது. கை தாங்காத அளவு சூடேறுவது நல்ல அறிகுறியல்ல.

பற்சக்கரங்களை ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்த்து உடைந்த பற்களை எண்ண வேண்டும். வார்ப்பிரும்பில் பித்தளையால் ஒட்டிய தழும்புகள் காணப்பட்டால், அவை பளுவைத் தாங்கும் இடத்திலா, மூடி போன்ற சாதாரண இடத்திலா என்பதைப் பிரித்தறிய வேண்டும். முன்னதாயின் அந்த யந்திரத்தைத் தவிர்ப்பதே நன்று.

குறுக்குச் சறுக்கியின் கைப்பிடியைத் திருப்பும்போது சிறிது தூரம் வெறுமனே சுற்றுவதைக் கண்டு பலர் அஞ்சுகின்றனர். இது அத்தனை பெரிய குறை அன்று. உளியை எப்போதும் ஒரே திசையிலிருந்து வேலைக்கு அருகே கொண்டுவரும் பழக்கமுடையோருக்கு இந்த வெற்றுச் சுற்று எப்பிழையையும் விளைவிப்பதில்லை. இறுக்கமான கைப்பிடிக்காகத் தேய்ந்த படுகையை ஏற்பதைவிட, தளர்ந்த கைப்பிடிக்காக விலையைக் குறைத்துக் கேட்பது அறிவுடைமை.

இறுதிச் சோதனை யந்திரமே செய்து காட்டுவது. தடித்த தண்டு ஒன்றைச் சக்கில் மட்டும் பிடித்து, சுமார் 150 மி.மீ. நீளத்தில் மூன்று வளையங்களை எஞ்சவிட்டு இடைப்பகுதிகளைக் கடைந்துவிட வேண்டும். பின்னர் உளியை அசைக்காமல் மூன்று வளையங்களையும் மிக மெல்லிய ஒரே வெட்டாக வெட்டி மைக்ரோமீட்டரால் அளக்க வேண்டும். விட்டங்கள் சீராகக் கூடியோ குறைந்தோ வருமாயின் படுகை முறுக்கியிருப்பதையோ தலைப்பகுதி திரும்பியிருப்பதையோ அது காட்டும். இவை திருத்தக் கூடியவை. சீரின்றி ஓரிடத்தில் மட்டும் வேறுபட்டால் அது தேய்வின் விளைவு.

இத்தகைய சோதனைகளை முறைப்படுத்தியவர் ஜெர்மானியப் பொறியியல் அறிஞர் கியார்க் ஷ்லெஸிங்கர் ஆவார். யந்திரக் கருவிகளின் பரிசோதனை பற்றி 1927-இல் அவர் வெளியிட்ட நூல் உலகெங்கும் அடிப்படையாகக் கொள்ளப்பட்டது.

தேய்ந்த பரப்பைச் சீர்படுத்துதல்

துல்லியமான யந்திரம் ஒன்றைச் செய்ய அதனினும் துல்லியமான யந்திரம் வேண்டுமெனில், முதல் யந்திரம் எவ்வாறு தோன்றிற்று என்ற கேள்வி எழும். இதற்கு விடை கண்ட முறையை 1840-ஆம் ஆண்டில் ஜோசப் விட்வொர்த் விளக்கினார். இரண்டு இரும்புப் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பொருந்தச் செய்தால், ஒன்று குழிந்தும் மற்றொன்று அதற்கேற்பக் குவிந்தும் இருக்கக் கூடும். மூன்றாவது பலகை ஒன்றைச் சேர்த்து, எந்த இரண்டை எடுத்தாலும் பொருந்தும்படி செய்தால், மூன்றும் மட்டமாக இருந்தே தீர வேண்டும். நீலச் சாயத்தை மெல்லிதாகத் தடவி, ஒட்டிய மேடுகளை மட்டும் கைச் சுரண்டியால் செதுக்கி நீக்குவதே இதன் செயல்முறை.

பழைய லேத்தின் சறுக்கிகளை இம்முறையில் ஒருவர் தம் வீட்டிலேயே சீர்ப்படுத்தலாம். இதற்கு வேண்டியது பணமன்று, பொறுமையே. ஆனால் நீண்ட படுகை முழுவதையும் சுரண்ட முற்படுவது தொடக்கத்தில் உகந்ததன்று. அதைச் சாணை பிடிக்கும் பெரிய யந்திரங்களை உடைய பட்டறையிடம் ஒப்படைப்பதே முறை.

அங்குலமும் மில்லிமீட்டரும்

நம் நாட்டில் மெட்ரிக் அளவைகள் 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1958 அக்டோபர் முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. ஆயினும் பழைய லேத்துகள் பலவற்றின் லீட் ஸ்குரூ அங்குலக் கணக்கில் அமைந்ததே. அங்குலத்துக்கு 8 புரிகள் உள்ள திருகின் ஒரு சுற்று 3.175 மி.மீ. ஆகும். இதைக் கொண்டு 1.5 மி.மீ. மெட்ரிக் புரி வெட்ட வேண்டுமாயின், பற்சக்கரங்களின் விகிதம் 60-க்கு 127 என்று துல்லியமாக அமைய வேண்டும். ஓர் அங்குலம் 25.4 மி.மீ. ஆதலாலும், 254-இன் பாதி 127 ஒரு பகா எண் ஆதலாலும், 127 பற்களுள்ள சக்கரம் இன்றித் துல்லியம் கிட்டாது. பழைய யந்திரத்தோடு இச்சக்கரம் வருகிறதா என்று முதலிலேயே கேட்டறிதல் நலம்.

அது கிடைக்காவிடினும் மனம் தளர வேண்டியதில்லை. 127-க்கும் 100-க்கும் உள்ள விகிதம் 1.27; 80-க்கும் 63-க்கும் உள்ள விகிதம் 1.2698. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு எண்ணாயிரத்தில் ஒரு பங்கே. 100 மி.மீ. நீளப் புரியில் இது ஒரு மில்லிமீட்டரில் எண்பதில் ஒரு பங்கு. சாதாரண நட்டுகளுக்கும் போல்ட்டுகளுக்கும் 63 பற்களுள்ள சிறு சக்கரமே போதுமானது.

மின்சாரம்

தொழிற்சாலை யந்திரங்கள் மூன்று பேஸ் மோட்டாருடன் வருகின்றன; வீடுகளிலோ பெரும்பாலும் ஒரு பேஸ் இணைப்பே உண்டு. இதற்கு இரு வழிகள் உள்ளன. கோயம்புத்தூரில் பெருமளவில் செய்யப்படும் ஒரு குதிரைச் சக்தி ஒரு பேஸ் மோட்டாரை மாற்றிப் பொருத்துவது ஒன்று. அதிர்வெண் மாற்றி என்னும் மின்னணுச் சாதனத்தைக் கொண்டு, ஒரு பேஸ் மின்சாரத்திலிருந்து மூன்று பேஸ் மின்சாரத்தை உண்டாக்குவது மற்றொன்று. பின்னதில் வேகத்தை விரும்பியபடி கூட்டவும் குறைக்கவும் இயலும். ஆனால் இச்சாதனம் தருவது 230 வோல்ட் மட்டுமே. ஸ்டார் முறையில் 415 வோல்ட்டுக்கு இணைக்கப்பட்ட சிறு மோட்டாரை டெல்டா முறைக்கு மாற்றினால்தான் முழுச் சக்தி கிடைக்கும். ஆறு முனைகளும் வெளியே கொண்டுவரப்பட்டுள்ளனவா என்று பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். இவ்வேலையைத் தகுதி பெற்ற மின்பணியாளரிடமே விடுதல் அவசியம்.

நீண்ட மின்கம்பியின் கோடியில் உள்ள வீடுகளில் வோல்ட்டேஜ் குறைவது அனுபவத்தில் அறிந்த விஷயம். மோட்டாரின் முறுக்கு விசை வோல்ட்டேஜின் இருபடிக்கு ஏற்ப மாறுகிறது. 230 வோல்ட் 180-ஆகக் குறைந்தால், விசை நூற்றுக்கு 61 பங்காகச் சரிந்துவிடும். சக் சுழலத் தொடங்காமல் மோட்டார் உறுமி நின்று எரிந்துபோவது இதனால்தான். இத்தகைய இடங்களில் நேரடிப் பளுவின்றி, தளர்ந்த பெல்ட்டுடன் மோட்டாரைத் தொடங்கிப் பின்னர் பெல்ட்டை இறுக்கும் பழைய ஏற்பாடு பெரிதும் உதவுகிறது.

அடித்தளமும் மண்ணும்

நாலரை அடி லேத் ஒன்றின் எடை பெரும்பாலும் அரை டன்னைச் சுற்றியிருக்கும். போடிமெட்டு, குமுளி போன்ற மலைச்சாலைகளின் வளைவுகளில் அதை ஏற்றிச் செல்லும்போது, எடை முழுவதும் தலைப்பகுதியில் குவிந்திருப்பதை நினைவிற்கொள்ள வேண்டும். மோட்டார், சக், வால்பகுதி, சாடில் ஆகியவற்றைக் கழற்றித் தனியே கட்டினால் பளுவும் குறையும், கவிழும் அபாயமும் நீங்கும். கயிறு லீட் ஸ்குரூவின் மேலோ கைப்பிடிகளின் மேலோ படாமல், படுகையைச் சுற்றியே செல்ல வேண்டும். நேர்த்தியான லேத்துகள் பல, இடம் மாறும் அந்த ஒரு நாளிலேயே கெடுகின்றன.

பாலக்காட்டு மாவட்டத்தின் சித்தூர் வட்டாரத்தில் கேரளத்தில் வேறெங்கும் அரிதான கரிசல் மண் காணப்படுகிறது. இம்மண் மழையில் உப்பி, கோடையில் சுருங்கி வெடிக்கும் இயல்புடையது. இதன்மேல் மெல்லிய சிமெண்டுத் தளத்தில் வைக்கப்படும் யந்திரம் பருவந்தோறும் சிறிது சாய்ந்துகொண்டிருக்கும். நான்கு கால்களும் ஒரே அளவில் சாய்ந்தால் பாதகமில்லை. ஒரு மூலை மட்டும் தாழ்ந்தால் படுகை முறுக்கிக்கொள்கிறது. அதன் விளைவு, முன்னர்க் கணக்கிட்ட தேய்வின் விளைவை ஒத்ததே. ஆகவே இப்பகுதியில் கரிசலைத் தோண்டி நீக்கி, சரளை நிரப்பி, கம்பி கட்டிய ஒரே தடித்த தளமாக அமைப்பதும், ஆண்டுக்கு இருமுறையேனும் வளையச் சோதனையை மீண்டும் செய்து அடித்தகடுகளைத் திருத்துவதும் இன்றியமையாதன.

துருவும் பருவமும்

பாலக்காட்டுக் கணவாயில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கிழக்கிலிருந்து வறண்ட காற்று வீசுகிறது. அக்காலத்தில் துருவைப் பற்றிய கவலை குறைவு. ஆனால் தென்மேற்குப் பருவக்காற்றின்போதும், மூணாறு, தேவிகுளம், பீர்மேடு போன்ற மலைப் பகுதிகளில் ஆண்டின் பெரும்பகுதியிலும் காற்றின் ஈரப்பதம் மிகுந்தே இருக்கும். ஈரப்பதம் நூற்றுக்கு 60-ஐத் தாண்டியபின் இரும்பு துருப்பிடிக்கும் வேகம் வெகுவாகக் கூடுகிறது.

இதனினும் கொடியது பனித்துளி. காற்று 25 டிகிரி சென்டிகிரேடிலும் ஈரப்பதம் நூற்றுக்கு 80-லும் இருக்கும்போது, சுமார் 21 டிகிரிக்குக் கீழே குளிர்ந்துள்ள எப்பொருளின் மேலும் நீர் படியும். பெரிய இரும்புப் படுகை இரவில் குளிர்ந்து, காலையில் மெல்லவே சூடேறுகிறது. அறைக்கதவைத் திறந்ததும் உள்ளே வரும் வெதுவெதுப்பான காற்று அதன்மேல் வியர்வையைப் போல் படிந்துவிடுகிறது. நனையாத யந்திரம் ஏன் துருப்பிடித்தது என்று வியப்போர் இக்காரணத்தை அறியார்.

பரிகாரம் எளியது. வேலை முடிந்ததும் உலோகத் துகள்களைத் துடைத்து எண்ணெய் தடவ வேண்டும். பிளாஸ்டிக் விரிப்பால் இறுக மூடாமல், பருத்தித் துணியால் போர்த்தி, படுகையின் அடியில் சிறிய குண்டு பல்பு ஒன்றைத் துணியில் படாதபடி எரியவிடலாம். யந்திரம் காற்றைவிட ஓரிரு டிகிரி சூடாக இருந்தாலே போதும், நீர் படியாது.

ஏற்கெனவே துருப்பிடித்த சிறு உறுப்புகளைச் சலவைச் சோடாக் கரைசலில் இட்டு, மின்கலம் ஏற்றும் சாதனத்தின் எதிர்முனையை உறுப்பிலும், நேர்முனையைப் பழைய இரும்புத் தகட்டிலும் இணைத்தால் துரு தளர்ந்து உதிரும். நச்சுப் பொருள் உண்டாகுமாதலால் நேர்முனையில் துருப்பிடிக்காத எஃகை உபயோகிக்கலாகாது. இதில் வெளிப்படும் ஹைட்ரஜன் தீப்பற்றக் கூடியது; ஆகவே திறந்த வெளியிலேயே செய்ய வேண்டும்.

பாதுகாப்பு

பழைய யந்திரங்கள் பாதுகாப்பு மூடிகள் இன்றியே பெரும்பாலும் வருகின்றன. பெல்ட்டுக்கும் பற்சக்கரங்களுக்கும் தகட்டு மூடி செய்வதே புதிய பட்டறையின் முதல் வேலையாக இருத்தல் வேண்டும். மின்தடை அடிக்கடி ஏற்படும் மலைப் பகுதிகளில் மற்றோர் அபாயமும் உண்டு. சாதாரண சுவிட்சைக் கொண்டு இயக்கும் லேத், மின்சாரம் நின்று மீண்டும் வரும்போது தானே சுழலத் தொடங்கும். அந்நேரத்தில் சக்கில் கைவைத்திருப்பவரின் நிலையை விவரிக்க வேண்டியதில்லை. பம்பு செட்டுகளுக்கு உபயோகிக்கப்படும் ஸ்டார்ட்டர், மின்சாரம் நின்றதும் தானே விடுபட்டு, பச்சைப் பொத்தானை மீண்டும் அழுத்தினாலன்றி இணையாது. பழைய பொருளாக வாங்கக் கூடாத சாதனம் ஒன்று உண்டெனில் அது இதுவே.

வேட்டி, தோளில் துண்டு, தளர்ந்த சட்டைக்கை, கையுறை ஆகியவை சுழலும் யந்திரத்தின் அருகே ஆகா. சக்கைத் திருகும் சாவியைக் கையிலிருந்து விடும்முன் சக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும். கண்ணாடி அணியாமல் சாணைச் சக்கரத்தின் முன் நிற்கலாகாது. பழைய வர்ணத்தில் ஈயம் கலந்திருக்கக் கூடுமாதலால் அதை உலர்ந்த நிலையில் தேய்க்காமல் ஈரமாக்கியே நீக்க வேண்டும்.

பட்டறையின் பயன்

மூணாற்றின் நல்லதண்ணி எஸ்டேட்டில் உள்ள தேயிலைக் காட்சியகத்தில் 1905-ஆம் ஆண்டின் தேயிலை உருட்டும் யந்திரம் ஒன்றும், 1920-களில் மின்சாரம் உற்பத்தி செய்த பெல்டன் சக்கரம் ஒன்றும் பாதுகாக்கப்படுகின்றன. தூர தேசத்துச் சாதனங்களை மலைமேல் வைத்துப் பேணிய பட்டறைத் தொழிலாளர்களின் திறமைக்கும் அவை சாட்சியங்களாகும்.

இன்றும் கொழிஞ்சாம்பாறையில் பயிருக்கு நீரிறைக்கும் பம்பின் அச்சு தேய்ந்தாலும், ஏலத்தோட்டத்தில் மருந்து தெளிக்கும் விசைப்பம்பின் இணைப்பு உடைந்தாலும், காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் விவசாயிக்கு நஷ்டமே. அருகில் ஒருவர் ஓய்வு நேரத்துக்கென்று வைத்திருக்கும் லேத், அன்று மாலையே அந்த உறுப்பைக் கடைந்து தந்துவிடும். அதற்கு நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் துல்லியம் தேவைப்படுவதில்லை. தன் யந்திரத்தின் பிழை எங்கே, எவ்வளவு என்பதை அறிந்த ஒருவரே தேவைப்படுகிறார். மூன்று வளையங்களும் ஒரு மைக்ரோமீட்டரும் அவ்வறிவைத் தரப் போதுமானவை. அச்சோதனையை உலைக்குச் செல்லும் வண்டியில் ஏற்றும் முன்னரே செய்துவிட்டால், இரும்பு விலைக்குப் போகவிருந்த யந்திரங்கள் சில, வேலைக்குத் திரும்பும்.